ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

சர்க்கரை டப்பாவைக் காதோடு ஒட்டி வைத்து இரண்டு குலுக்கு. பிறகு மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கண் மூடியிருக்கும். கடைசியில்தான் நாக்கு. "இது நேத்து வந்த மூட்டை மட்டும் இல்ல. போன மாசத்து மிச்சத்தையும் கலந்திருக்காங்க" என்பார். மூட்டை இறக்க வந்தவர் தலையைச் சொறிவார். சர்க்கரையில் பழசு புதுசு எல்லாம் உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாம? பழசு ஈரம் குடிச்சிருக்கும் சார். சத்தம் மந்தமா வரும்" என்றார். நானும் வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரைச் சத்தம்தான் கேட்டது.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் பின்வாசலும் இந்தக் குலுக்கல் நடக்கும் பேக்கரியின் பின்வாசலும் ஒரே சந்தில் எதிரெதிராக இருக்கின்றன. நாள் முழுவதும் பிழை திருத்தித் திருத்திக் கண் எரியும்போது, சந்தைத் தாண்டி அந்த வாசலில் போய் நிற்பேன். உள்ளே வலது பக்கம் அடுப்பு, இடது பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு எஃகு மேசை. பன்னிரண்டு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர் இவர்தான். தெருவில் தராசக்கா என்றால் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள்.

பெயருக்குக் காரணம் மேசையின் மூலையில் இருக்கும் சின்ன மின்தராசு. தன் சம்பளத்தில் தானே வாங்கியது. மாவு படாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார். முட்டையை ஓட்டோடு ஒரு தரம், உடைத்த பின் ஒரு தரம் அதில் வைப்பார். ஒரு நாள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி வைத்து, "நாப்பத்தொண்ணு கிராம். அதான் மூக்குல தடம் விழுந்திருக்கு. இதை மாத்துங்க" என்றார். மாற்றினேன். தடம் போய்விட்டது. கண் டாக்டர் இதைச் சொல்ல இரண்டு வருடமாக வாய் திறக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறார், சாது. "நான் ஒரு வார்த்தை பேசினா, அதுல எவ்வளவு உண்மை எவ்வளவு காத்துன்னு பிரிச்சு வெச்சிடுவா சார்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே புகார் செய்தார். மாமியாருக்கு டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரைதான் போட வேண்டும் என்று வைத்தியர் கட்டளை. மாமியாரும் ஒன்றுதான் போடுகிறார். அந்த ஒன்று, கோபுரமாகக் குவித்த ஒன்று. தராசக்கா அதை அப்படியே தராசில் கொட்டி, "அத்தை, இது ஒண்ணு இல்ல, ரெண்டே கால்" என்று காட்டினாராம். "எண்ணிக்கையில ஒண்ணுதானே?" என்று அத்தை கேட்டிருக்கிறார். இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு செங்கல்லால். மனைவியின் பிறந்தநாளுக்கு நானே கேக் செய்கிறேன் என்று வீட்டில் மார்தட்டிவிட்டேன். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று எங்கோ படித்ததை நம்பி, அதே கப்பில் அதே அளவு வெல்லத்தூள் போட்டேன். வந்தது கேக் என்று நீதிமன்றத்தில் கூட நிரூபிக்க முடியாது. ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி இவரிடம் எடுத்துப் போனேன். சிரிக்காமல் வாங்கிக் கடித்தார். சிரிக்கவில்லை என்பதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"வெல்லத்துக்குள்ளயே தண்ணி இருக்கு சார். நீங்க பாலையும் குறைக்காம ஊத்தியிருக்கீங்க. அதான் நடுவுல களி. வெல்லம் சீக்கிரம் கருகும். நீங்க சூட்டையும் குறைக்கல. அதான் ஓரத்துல கரி. ஒரே கேக்குல ரெண்டும் வர வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

அன்றைக்குத் தன் சர்க்கரை அலமாரியை எனக்குக் காட்டினார். ஆறு கண்ணாடிப் பாட்டில்கள். எல்லாம் இனிப்பு, ஆனால் ஒன்றின் குணம் ஒன்றுக்கு இல்லை என்பது அவர் கட்சி. குருணைச் சர்க்கரையைத் தொட்டு, "இவன்தான் வேலைக்காரன். வெண்ணெயோட சேர்த்து அடிச்சா ஒவ்வொரு குருணையும் கீறிக் கீறிக் காத்தை உள்ள விடும். கேக்கு உப்பறதே அதால" என்றார். பழுப்புச் சர்க்கரை அழுமூஞ்சி, எப்போதும் ஈரம். போட்டால் கேக் மெத்தென்று இருக்கும், ஆனால் நிறம் கறுக்கும், பாலைக் குறைக்க வேண்டும். அதைக் கப்பில் அழுத்தி அளந்தால் ஒரு எடை, சும்மா அள்ளினால் வேறு எடை. தேன் அவசரக்காரன், மற்றவர்கள் வேகுமுன் சிவந்துவிடுவான். அடுப்பைத் தணித்து வைத்தால்தான் வழிக்கு வருவான். கடைசிப் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது மட்டும் முகம் கோணியது. வெண்ணெய்ப் பூச்சுக்குப் போடும் பொடிச்சர்க்கரை. "இவன் பவுடர் பூசிட்டு வந்தவன். கட்டி பிடிக்காம இருக்க உள்ள மாவு கலந்திருப்பாங்க. மேல்பூச்சுக்கு நல்லவன். அடுப்புக்குள்ள அனுப்பினா காலை வாரிடுவான்."

இந்த ஞானம் அவருக்கு யாரும் ஊட்டியதில்லை. அந்தப் பேக்கரியில் அப்போது ஒரு மாஸ்டர் இருந்தார். பேக்கரிக்கு மாஸ்டர் என்றால் சாதாரணப் பதவி கிடையாது. எந்தச் சர்க்கரை வாங்குவது, அடுப்பை எப்போது பற்ற வைப்பது, எந்தக் கேக் கண்ணாடிக்குப் பின்னால் போகும், எது குப்பைக்குப் போகும், எல்லாம் அவர் வாக்குதான். ஒவ்வொரு மாஸ்டருக்கும் சொந்தமாக ஒரு கப் இருக்கும். அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள், கடை மாறினால் கூடவே எடுத்துப் போவார்கள். குறிப்பு நோட்டில் மூன்று கப், இரண்டரைக் கப் என்றுதான் எழுதுவார்கள். அந்தக் கப் எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கடையே அவர் கைக்குள் இருப்பதன் சூட்சுமமும் அதுதான்.

தராசக்கா அப்போது மேசை வேலை. மாஸ்டர் அளந்து கொட்டுவார், இவர் கலக்குவார், அடிப்பார், தட்டில் ஊற்றுவார். கொட்டும் பாத்திரத்தை இவர் எப்போதும் தராசின் மேல்தான் வைத்திருப்பார். ஒரு நாள் மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டு, "எடை போட நாம என்ன இரும்புக் கடையா வெச்சிருக்கோம்?" என்று கேட்டாராம். "மேசை தாழ்வா இருக்கு மாஸ்டர், கொஞ்சம் உயரத்துக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தராசின் உயரம் மூன்று விரல்.

பிறகு ஒரு காலையில் மாஸ்டர் வரவில்லை. ஊரின் மறுபக்கத்தில் பெரிய கடை ஒன்று அவரைக் கொத்திக்கொண்டு போயிருந்தது. கப்பும் போய்விட்டது. முதலாளி குறிப்பு நோட்டைப் புரட்டிப் புரட்டித் தலையில் கை வைத்தார். தராசக்கா தன் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்பத்து நான்கு பக்கம், அத்தனையும் கிராம். அன்று மதியம் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாக் கேக்கும் வழக்கம்போல் அடுக்கியிருந்தது. வாங்கியவர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு ஆன பிறகு எந்த மனிதனும் என்ன செய்வான்? அவரை மாஸ்டர் ஆக்குவான். முதலாளி ஆக்கவில்லை. கெட்டவர் அல்ல, பயந்தவர். "எல்லாம் சரிம்மா, நீ நல்லா செய்யற. ஆனா மாஸ்டர்னு ஒருத்தர் வேணுமே" என்று இரண்டு மாதம் இழுத்தார். இவர்தான் அந்த இரண்டு மாதமும் கடையைத் தாங்கினார். அந்தச் சமயத்தில் ஒரு மாலை சந்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "சம்பளத்துக்காகக் கேக்கல சார். பத்து வருஷத்துக்கு மேல நான் செஞ்சதை அவர் செஞ்சதா நெனச்சு சாப்பிட்டாங்க. இனிமேலயும் இன்னொருத்தர் செஞ்சதா சாப்பிடணுமா?" எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நான் பிழை திருத்துபவன். யாருடைய தலையெழுத்திலும் கை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

தராசக்கா நேரே முதலாளியிடம் போய்க் கேட்டும்விட்டார். முதலாளி யோசித்து ஒரு வழி சொன்னார். நகர நூலகத்துக்கு ஐம்பது வயது ஆகிறது, சனிக்கிழமை மாலை விழா, முந்நூற்று அறுபது துண்டு வெண்ணெய்க் கேக் வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தது. "அது உன் கையால ஒழுங்கா போகட்டும். அப்புறம் பேசலாம்" என்றார். சொன்ன வாய் மூடுமுன்னே, வெளியூரில் இருந்த ஒரு மாஸ்டரையும் அதே சனிக்கிழமை வந்து கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். ஒருவேளை ஒழுங்காகப் போகாவிட்டால்? அதற்குத்தான். அப்படி ஆனால் திங்கட்கிழமை அவர் மாஸ்டர், இவர் பழையபடி தட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தும் காலை ஏழு மணிக்கே சந்துக்குள் போய் நின்றேன். தராசக்கா புது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் கை உள்ளே போனது. அப்படியே நின்றது. ஒரு பிடி அள்ளி மேசையில் போட்டார். எஃகின் மேல் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம்.

கேக்குக்கு வேண்டியது ரவை மாதிரிப் பொடிக் குருணை. வந்திருந்தது பெருங்குருணை, ஒவ்வொன்றும் மிளகில் பாதி. மொத்தக் கடைக்காரர் மூட்டையை மாற்றி ஏற்றிவிட்டார், அவர் கடையோ இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். சில்லறைக் கடைகளில் விற்பதும் இதே பெருங்குருணைதான். டீக்குப் போடுகிறவர்களுக்கு இது போதும். வெண்ணெயோடு அடித்தால் இது கரையாது. கேக்கின் தலையில் புள்ளி புள்ளியாகத் தெரியும், பல்லில் நறநறக்கும், உள்ளே எண்ணெய்க் கோடு ஓடும். மிக்சியில் அரைத்துப் பார்த்தார். பாதி மாவு, பாதி கல். மூன்றாவது தடவை கரிந்த வாசனை வந்தது. மிக்சி போய்விட்டது.

சரியாக அந்த நேரத்தில் முதலாளி வெளியூர் மாஸ்டரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு துணி மூட்டை. துணிக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேசையைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. அலமாரிக்கு அடியில் இருந்த பெரிய பீப்பாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கா கவலை? பொடிச்சர்க்கரை இவ்வளவு இருக்கே. மூணு கப் இடத்துல இதையே மூணு கப் போட்டா முடிஞ்சது" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றார் தராசக்கா. "போடறதுக்கு முன்னாடி ஒரு தரம் எடை போட்டுப் பாருங்க."

"கை பழகின அளவுக்கா. இந்தக் கப்பு இதுவரைக்கும் என்னைக் கைவிட்டதில்ல."

முதலாளி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நீ என்னம்மா செய்யப் போற?" என்றார்.

"இந்தப் பெருங்குருணையையே போடப் போறேன். வெண்ணெயோட அடிக்கப் போறதில்ல. முட்டையோட சேர்த்து வெந்நீர்ப் பாத்திரத்து மேல வெச்சுக் கரைக்கப் போறேன். கரைஞ்சப்புறம் குருணை பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன?"

"முட்டையைச் சூடு பண்ணினா ஆம்லெட் ஆயிடும்மா!"

"அது நிக்கிற ஆளைப் பொறுத்தது முதலாளி."

நூலகக்காரர்கள் நான்கு மணிக்குக் காத்திருப்பார்கள். தர்க்கம் செய்ய நேரம் இல்லை. ஆளுக்கு ஒரு தட்டு செய்யுங்கள், நன்றாக வந்ததை வைத்து மீதியைச் செய்வோம் என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே விரைவாக எடுத்த முடிவு அதுவாகத்தான் இருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், வாயே திறக்காதவர், இரண்டு தட்டை எடுத்து அருகருகே வைத்தார்.

வெளியூர் மாஸ்டரின் கை நல்ல கை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெண்ணெயும் பொடிச்சர்க்கரையும் சேர்ந்து ஐந்தே நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று பொங்கின. பார்க்கவே அழகு. முதலாளியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்தப் பக்கம் தராசக்கா வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மஞ்சளாக, நீர்க்க, சளசளவென்று எதையோ சுழற்றிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒரு தரம் விரலை விட்டு எடுத்துத் தேய்ப்பார், தலையாட்டுவார், மறுபடி சுழற்றுவார். அதைப் பார்த்து எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. "இன்னும் விரல்ல மணல் தட்டுது சார்" என்று என் பக்கம் திரும்பாமல் மெல்லச் சொன்னார். கை மட்டும் ஒரே சீராகச் சுற்றியது.

"மணல் போயிடுச்சு" என்றார் ஒரு கட்டத்தில். கிண்ணத்தைத் தூக்கி இயந்திரத்தில் மாட்டினார். பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் கிடந்த மஞ்சள் தண்ணீர் வெளுத்தது, தடித்தது, ஏறியது, விளிம்பு வரை வந்து நின்றது. கரண்டியால் தூக்கி விட்டார். நாடாவாக விழுந்து, விழுந்த கோடு அழியாமல் மேலேயே கிடந்தது. பழைய குறிப்பில் இருந்த பாலை நிறுத்தினார், வெண்ணெயைக் குறைத்து உருக்கி ஊற்றினார். சர்க்கரையின் எடையில் மட்டும் ஒரு கிராம் கூட மாற்றவில்லை. மாவை மூன்று தவணையாகச் சலித்துப் போட்டு, குழந்தையைப் புரட்டுவதுபோல் அடியிலிருந்து மேலாகப் புரட்டினார்.

இரண்டு தட்டும் ஒன்றாக உள்ளே போயின, இடது பக்கம் வெளியூர் மாஸ்டருடையது, வலது பக்கம் தராசக்காவுடையது. அடுப்பின் கண்ணாடி ஒரு முழம்தான் இருக்கும். அதற்கு முன்னால் முதலாளி, வெளியூர் மாஸ்டர், நான், மூன்று தலை. தராசக்கா வரவில்லை. தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

பத்து நிமிடம் வரை இரண்டும் சமம். பதினைந்தில் இடது தட்டு நின்றுவிட்டது. வலது தட்டு நிற்கவில்லை. ஓரம் ஏறி, நடு ஏறி, தட்டின் விளிம்பைத் தாண்டி, மேல்தோல் பொன்னாகச் சிவந்தது. இடது பக்கம் வெளிறிப்போய், ஆபீசில் திட்டு வாங்கியவன்போல் உட்கார்ந்திருந்தது. வாயே திறக்காத பெரியவர் தட்டுகளை வெளியே இழுத்தார். வலது தட்டைப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான்.

வெட்டினார்கள். வெளியூர் மாஸ்டரின் கேக் அடியில் ஒரு விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. முதலாளி கடித்துப் பார்த்து, "என்ன தம்பி, இனிப்பே இல்ல?" என்றார். பிறகு தராசக்காவின் துண்டை எடுத்தார். விரலால் அழுத்தினார், அமுங்கி நிமிர்ந்தது. வாயில் போட்டார். இன்னொரு துண்டை எடுத்தார். மூன்றாவதை எடுத்ததே போதுமானதாக இருந்தது. நான் ஐந்து தின்றேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வெளியூர் மாஸ்டர் தன் கப்பைக் கையில் எடுத்தார். பிறகு தானாகவே அதில் பொடிச்சர்க்கரையை நிரப்பித் தராசில் கொட்டினார். நூற்றுப் பதினெட்டு. துடைத்துவிட்டு அதே கப்பில் பெருங்குருணையை நிரப்பிக் கொட்டினார். இருநூற்று மூன்று.

"எண்பத்தஞ்சு கிராம் எங்கக்கா போச்சு?" என்றார்.

"எங்கயும் போகல தம்பி. அது வரவே இல்ல. பொடியில பாதி காத்து. உங்க கப்பு அளந்தது இடத்தை. கேக்குக்கு வேண்டியது எடை. மூணு கப்புல இருநூத்தி அம்பது கிராமுக்கு மேல குறைஞ்சு போச்சு. போதாததுக்கு மாவு வேற கலந்திருக்கு."

அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். சாக்குச் சொல்லவில்லை, சர்க்கரையைத் திட்டவில்லை. இஸ்திரிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, "முட்டை எத்தனை உடைக்கணும்க்கா?" என்று கேட்டார். "எத்தனைன்னு கேக்காதீங்க, எவ்வளவுன்னு கேளுங்க" என்று பதில் வந்தது. இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பின் அந்த அறையில் ஒரு ராஜ்ஜியம் நடந்தது. தராசக்கா நடுவில் நின்றார். "சூட்டைப் பத்து டிகிரி தணிச்சிடுங்கண்ணே." "தம்பி, அந்தக் கிண்ணத்தை எறக்குங்க, மணல் போயிடுச்சு." "முதலாளி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, தட்டு வருது." முதலாளி ஓரமாக நின்றார். தட்டுக்குப் பின் தட்டாக வெளியே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றுக்கும் தலையில் புள்ளி இல்லை, அடியில் இறுக்கம் இல்லை. பன்னிரண்டாவது தட்டை ஆற வைத்தபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. வெண்ணெய்ப் பூச்சுக்குப் பொடிச்சர்க்கரையைத் தானே அளந்து போட்டார். "இப்ப வரலாம் நீ" என்று அதனிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். முந்நூற்று அறுபது துண்டும் பெட்டிகளில் ஏறி மூன்றரை மணிக்கு வண்டியில் போயின. முதலாளியே கூடப் போனார்.

போன மனிதர் ஐந்தரை மணி வரை திரும்பவில்லை. மாலைக் கூட்டத்துக்குக் கடையில் கேக் தீர்ந்திருந்தது. எனவே தராசக்கா இன்னும் ஒரு தட்டுக்கு முட்டையும் சர்க்கரையும் கலந்து வெந்நீரின் மேல் வைத்தார். வெளியூர் மாஸ்டர் மறு ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் சாய்ந்து நின்று, உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத்திலிருந்து வேகமான காலடிச் சத்தம் கேட்டது. முதலாளி உள்வாசலில் வந்து நின்றார். வேர்த்திருந்தது. கையில் காலிப் பெட்டிகள். நூலகத் தலைவர், அவர் மனைவி, வந்திருந்த விருந்தாளிகள், கடைசியில் மேடைக்கு மைக் பிடித்துக் கொடுத்தவர் வரை கேட்டார்களாம், யார் செய்தது என்று. இதைப் பிற்பாடு சொன்னார். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"மாஸ்டர்!"

கழுவிக்கொண்டிருந்த தம்பி பழக்கதோஷத்தில் நிமிர்ந்து, "சொல்லுங்க முதலாளி" என்றார்.

"உங்களை இல்ல தம்பி." முதலாளி மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களை. மாஸ்டர், கொஞ்சம் முன்னாடி வாங்க. நூலகத்துலேருந்து ஆள் வந்திருக்காங்க, உங்களைப் பாக்கணுமாம்."

வெந்நீரின் மேல் முட்டை இருக்கும்போது சுழற்றும் கையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடியில் வெந்துவிடும். தராசக்காவின் வலது கை சுற்றிக்கொண்டே இருந்தது. காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல், இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம். முதலாளி காலிப் பெட்டிகளோடு அந்த வாசலிலேயே காத்து நின்றார்.